நோகாத புண்

கொல்லிமலை என்றவுடன் தமிழறிந்தோர் நெஞ்சில் எழுவன வல்வில் ஓரியின் வில்லும், சிரித்தே ஆளைக் கொல்லும் என்று கதை வழங்கும் கொல்லிப்பாவையும் ஆகும். ஆனால் அம்மலையின் பெயரை நெடுங்காலம் மெய்ப்பித்து வந்தது அங்கு நிலவிய மலைக்காய்ச்சலே. இன்று காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்தில் மேலே சென்றுவிடுகிறோம். நூறாண்டுகளுக்கு முன் ஒற்றையடித் தடமும் டோலியுமே வழி. மலைமேல் ஓரிரவு தங்குவதற்கும் சமவெளி மக்கள் அஞ்சினர்.

அம்மலையில் பிறந்து, ஒன்பது வயதுவரை வெறுங்காலுடன் அங்கே ஓடித் திரிந்த ஒருவர், பிற்காலத்தில் மருத்துவ உலகின் பழைய நம்பிக்கை ஒன்றை மாற்றினார். உணர்விழந்த உடலில் தோல் ஏன் அற்றுப் புண்ணாகிறது, அதைத் தடுக்க இயலுமா என்பதே அவர் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த பொருள். பக்கவாதத்தால் படுத்த தாயையும், நீரிழிவால் கால் மரத்த தந்தையையும் வீட்டில் வைத்துப் பேணுகின்ற நமக்கு அவர் கண்டவை மிகவும் வேண்டியவை. அவர் கத்தோலிக்கர் அல்லர். ஆகையால் நம்மில் பலர் அவர் பெயரையும் கேட்டிரார். கிறித்தவ ஒன்றிப்பைப் பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் தந்த ஏடு, பிரிந்த சகோதரரிடத்தில் விளங்கும் நன்மைகளை மகிழ்வோடு ஏற்கும்படி நம்மை அழைத்தது. அவ்வழைப்பை இங்குச் சிறிதேனும் நிறைவேற்ற முயல்கிறோம்.

ஜெசி பிராண்ட் என்னும் ஆங்கிலேயர் 1907-இல் பாப்டிஸ்ட் சபையின் மறைப்பணியாளராக நம் நாட்டிற்கு வந்தார். கட்டடத் தொழில் அறிந்தவர். வெப்பநாட்டு நோய்களைப் பற்றிச் சிறிது காலம் இலண்டனில் பயின்றவர். மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். 1913-இல் ஈவ்லின் என்னும் மங்கையை மணந்து அவருடன் கொல்லிமலை ஏறினார். அவர்கள் குடியமர்ந்த இடத்தின் பெயர் வாழவந்தி. கொல்லும் மலையில் வாழவந்தி என்றோர் ஊர்! அப்பெயரே மலையின் பெயருக்கு யாரோ சொல்லிவைத்த மறுமொழி போல் ஒலிக்கிறது. கணவனும் மனைவியும் அங்கே மரவீடு ஒன்றைக் கட்டினர்; பள்ளி நடத்தினர்; மலைவாழ் மக்களின் கால்களிலிருந்து நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி, அறுந்துவிடாதபடி நாள்கணக்கில் பொறுமையோடு வெளியே இழுத்தனர். அவர்களுடைய மகன் பால் பிராண்ட் 1914 ஜூலை 17 அன்று பிறந்தார்.

தம் சிறுவயது நிகழ்ச்சி ஒன்றைப் பால் பிராண்ட் பின்னாளில் எழுதியிருக்கிறார். ஒருநாள் மூன்று மனிதர் வீட்டை நோக்கி மெல்ல நடந்து வந்தனர். எந்த நோயாளிக்கும் முகம் சுளிக்காத தாயின் முகத்தில் அன்று கலக்கம் தெரிந்தது. பிள்ளைகள் அகன்று நிற்கும்படி பணிக்கப்பட்டனர். தந்தை கையுறை அணிந்து, வந்தவர்களின் கால் புண்களைக் கழுவி மருந்திட்டுத் துணி சுற்றினார். தாய் அவர்களுக்கு உணவை ஒரு கூடையில் வைத்துக் கொடுத்தார். அவர்கள் போனபின் அக்கூடை எரிக்கப்பட்டது. தொழுநோயைப் பற்றி அச்சிறுவன் பெற்ற முதற்பாடம் அச்சமே. அவ்வச்சத்தைப் பற்றி நாம் அவர்கள்மேல் குறை கூற வேண்டியதில்லை. நோய்க்கு மருந்து இல்லாத காலம் அது. ஆயினும் ஒன்றைக் கவனிக்கிறோம். தந்தை புண்ணைக் கட்டினார். அது எப்படி வந்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை. தொழுநோயாளிக்குப் புண் இருப்பது, மரத்திற்கு இலை இருப்பது போல இயல்பென்றே உலகம் எண்ணியிருந்தது.

1923-இல் படிப்புக்காக மகன் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929-இல் தந்தை கருநீர்க் காய்ச்சலால் கொல்லிமலையிலேயே இறந்தார். அப்போது அவருக்கு வயது 44. மலைக்காய்ச்சல் முற்றிக் குருதி சிதைந்து சிறுநீர் கறுத்துப்போகும் கொடிய நிலைக்கு அப்பெயர். இறப்புச் செய்தி தந்தியில் போய்ச் சேர்ந்தது. அதன்பின்னும் பல நாள், முன்னமே எழுதி அஞ்சலில் சேர்த்த தந்தையின் கடிதங்கள் கப்பலில் வந்து மகனை அடைந்துகொண்டிருந்தன.

பள்ளி முடிந்தபின் பால் பிராண்ட் முதலில் கற்றது தந்தையின் கட்டடத் தொழிலைத்தான். கல்லும் மரமும் எவ்வளவு பாரம் தாங்கும், எந்த இடத்தில் விரிசல் விடும் என்பதைச் சில ஆண்டுகள் கையால் பழகினார். பின்னரே மருத்துவம் பயின்று, போர்க்கால இலண்டனில் அறுவை மருத்துவரானார். கொத்தனாராகக் கழித்த அவ்வாண்டுகளை அவர் வீணென்று கருதியதில்லை. மனிதப் பாதத்தை ஒரு கட்டடமாகவும், அதன்மேல் விழும் எடையை ஒரு கணக்காகவும் பார்க்கும் கண் அவருக்கு அங்கிருந்தே வந்தது என்பது நம் எண்ணம்.

1946 இறுதியில் அவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு, செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையை நடத்திய டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரை அங்கு அழைத்துச் சென்று காட்டினார். கொக்கிபோல் மடங்கிய கைகளும், குறைந்துபோன விரல்களும், அடியில் குழிபறித்த பாதங்களும் வரிசையாக இருந்தன. விரல் மடங்கிய ஓர் இளைஞரிடம் தம் கையைக் கொடுத்து இறுகப் பிடிக்கச் சொன்னார் பிராண்ட். அப்பிடி அவரைத் துடிக்கவைத்தது. செத்த கை என்று கருதப்பட்டதில் நல்ல தசைகள் வலிமையோடு இருந்தன! அவற்றின் நாண்களை மாற்றித் தைத்தால் விரல்கள் நிமிரும் என்பது அங்கே தோன்றியது. 1948 முதல் அவ்வறுவை நடைபெறலாயிற்று. அந்த வரலாற்றைப் பலர் எழுதியுள்ளனர். நாம் இங்குக் கருதுவது அதற்குப் பின்னர் நடந்தது.

தொழுநோயாளியின் சதை கெட்ட சதை, அது தானே அழுகி உதிர்வது, அதில் கத்தி வைத்தால் ஆறாது என்பது மருத்துவர்களிடமும் ஊறியிருந்த நம்பிக்கை. அறுவை செய்த இடங்களோ மற்றவர்களுக்கு ஆறுவது போலவே ஆறின. கெட்ட சதை என்றால் மாவுக்கட்டுக்குள் இருந்த வெட்டுக்காயம் மட்டும் எவ்வாறு கூடியது? கட்டை அவிழ்த்து வீட்டுக்கு அனுப்பியபின் அதே கையில் புதிய புண்கள் ஏன் தோன்றின? இவ்வினாக்கள் பிராண்டை உறங்கவிடவில்லை.

1951-இல் வேலூரில் நவஜீவ நிலையம் என்னும் சிற்றூர் போன்ற இல்லம் எழுந்தது. அறுவை பெற்ற இளைஞர் அங்கே தச்சு முதலிய தொழில்கள் கற்றனர். அவர்களுடைய கைகளை நாள்தோறும் பார்த்து, ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் கண்டறிவது வழக்கமாயிற்று. எவர் விரலிலும் சதை தானாக உதிரவில்லை. ஒருவர் சூடான பாத்திரத்தைத் துணியின்றித் தூக்கியிருந்தார். மற்றொருவர் சுத்தியின் கைப்பிடியில் பிளவிருந்தது தெரியாமல் நாள் முழுதும் வேலை செய்திருந்தார். துருப்பிடித்த பூட்டொன்றைத் திறக்கப் பிராண்ட் திணறியபோது, ஒரு சிறுவன் முன்வந்து சாவியை எளிதாகத் திருப்பிவிட்டான். அவன் கையைப் பார்த்தபோது சாவி விரலை எலும்புவரை அறுத்திருந்தது. அவன் முகம் மலர்ந்தபடியே இருந்தது. சிலருக்கு இரவோடிரவாக விரலில் சதை குறைந்தது. விழித்திருந்து காவல் காத்தபோது, உறங்குபவர் விரலை எலி கடிப்பதைக் கண்டனர். அவர் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. அதன்பின் வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனை ஒன்றையும் உடன் கொடுத்தனுப்பினர். மருத்துவ வரலாற்றில் பூனையை மருந்தாக எழுதிக் கொடுத்த நிலையம் வேறு உண்டோ?

மொலக்காய்த் தீவின் புனித தமியான் 1884-இல் தம் நோயை அறிந்ததும் இவ்வகையிலேதான். கொதிக்கும் நீரில் காலை வைத்தார், தோல் கொப்பளித்தது, வலிக்கவில்லை. அந்த வலியின்மையே நோயின் முத்திரை. கிருமி செய்வது நரம்பைக் கெடுத்து உணர்வை அவிப்பது. எஞ்சிய அழிவையெல்லாம் சூடும் கூரும் அழுத்தமும் செய்து முடிக்கின்றன.

பாதத்தின் கதை இன்னும் நுட்பமானது. முள் குத்தாமலும் கல் வெட்டாமலும் உள்ளங்காலில் குழிப்புண்கள் தோன்றின. இலங்கையின் அறுவை மருத்துவர் மில்ராய் பால் 1930-களிலேயே இத்தகைய கால்களுக்கு மாவுக்கட்டுப் போட்டு, நோயாளி நடமாடிக்கொண்டிருக்கும்போதே புண்ணை ஆற்றிவந்தார். பிராண்டும் அவர் தோழர்களும் அம்முறையைக் கைக்கொண்டனர். கட்டுக்குள் பாரம் பாதம் முழுவதும் பரவியது. ஒரே இடத்தில் குத்தவில்லை. ஆண்டுக்கணக்கில் ஆறாத புண் சில வாரங்களில் மூடியது. மருந்தைவிட ஓய்வு பெரிய மருந்தாயிற்று. ஆறிய கால் மறுபடி வெடிக்காதபடி நுண்ணறை ரப்பரில் மெத்தென்ற செருப்புகளைச் செய்தனர். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று நீரிழிவு மருத்துவமனைகளில் எழுதிக் கொடுக்கப்படுவது அதுவே. வேலூரிலும், 1955-இல் தொடங்கிய கரிகிரி ஆராய்ச்சி நிலையத்திலும் தொழுநோயாளிக்காகப் பிறந்த பொருள், இன்று நம் வீட்டுப் பெரியவர்களின் காலைக் காக்கிறது.

இங்கே படுக்கைப் புண்ணின் பக்கம் திரும்புவோம். அங்கேயும் இதே வழக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே எழுந்திருந்தது. பாரிஸ் நகரின் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் ஷார்கோ, முதுகுத்தண்டும் மூளையும் பழுதான நோயாளிகளின் முதுகில் விரைவாகத் தோன்றும் புண்களைக் கண்டு, நரம்பின் கேடே நேராகத் தோலை அழுகச் செய்கிறது என்றார். அப்புண்ணைச் சாவின் அறிகுறியாகவே கருதினார். சாவின் அறிகுறியைத் தடுக்க யார் முயல்வார்? அவருக்குச் சற்று முன்னர், 1853-இல், பிரவுன்-செகார் என்னும் அறிஞர் முதுகுத்தண்டு அறுபட்ட விலங்குகளை ஆராய்ந்து, அழுத்தமும் ஈரமும் படாமல் காத்தால் அவற்றுக்குப் புண் வருவதில்லை என்று காட்டியிருந்தார். ஆயினும் உலகம் பெரியவரின் சொல்லையே நெடுங்காலம் கேட்டது. அவ்வாண்டுகளில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல், நோயாளிக்குப் படுக்கைப் புண் கண்டால் குற்றம் பெரும்பாலும் நோயினுடையதன்று, பராமரிப்பினுடையது என்ற கருத்தைத் துணிந்து எழுதினார். செவிலியரின் பட்டறிவு மருத்துவரின் கோட்பாட்டைக் காட்டிலும் உண்மைக்கு அருகில் நின்ற தருணங்களுள் இது ஒன்று.

பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அவ்விடம் நம் திருச்சபையோடு நெருங்கிய தொடர்புடையது. புனித வின்சென்ட் தெ பவுலின் பிறரன்புப் புதல்வியர் நால்வர் 1896-இல் அங்கு வந்து, பாழடைந்த ஒரு கரும்புப் பண்ணையில் நோயாளிகளைப் பேணத் தொடங்கினர். அச்சபைச் சகோதரியரின் பணி அங்கே நூறாண்டுகளுக்கு மேல் நீடித்தது. கொல்லிமலையின் பாப்டிஸ்ட் மகன் அச்சகோதரியரோடு சேர்ந்து உழைத்தார். ஒன்றிப்பைப் பற்றி மாநாடுகள் பேசுமுன்னரே நோயாளியின் கட்டிலருகில் அது நடைமுறைக்கு வந்துவிடுகிறது போலும்.

அங்கு அவர் அழுத்தத்தை அளந்தார். தோல் மூன்று வகையில் அழிகிறது என்று கண்டார். கத்தியும் கண்ணாடித் துண்டும் போல ஒரே கணத்தில் மிகுந்த விசை படுவது ஒன்று. இதை எவரும் அறிவர். நடக்கையில் படும் மிதமான விசை ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை விழுவது மற்றொன்று. முதலில் அவ்விடம் சூடேறும், பின் வீங்கும், இறுதியில் உடையும். மூன்றாவது மிகவும் வஞ்சகமானது. கையால் தொட்டால் மென்மை என்று தோன்றும் சிறு அழுத்தம், இடைவிடாமல் மணிக்கணக்கில் இருப்பது. தோலின் நுண்குழாய்களில் குருதி ஓடும் அழுத்தம் சராசரியாகச் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம் என்று 1930-இல் அளக்கப்பட்டது. எலும்புக்கும் படுக்கைக்கும் இடையில் நசுங்கும் சதையில் அதை மிஞ்சிய அழுத்தம் எளிதில் உண்டாகிறது. குருதி நின்ற இடம் பட்டினி கிடந்து சாகிறது. மேலே தோல் சிவந்து தெரியும்போது, எலும்பை ஒட்டிய உட்சதை முன்னமே மாண்டிருக்கக்கூடும்.

நலமுள்ள நமக்கு இது ஏன் நேர்வதில்லை? பெரிய வெள்ளியன்று திருப்பாடுகளின் வரலாறு வாசிக்கப்படும்போது எத்தனை முறை கால் மாற்றி நிற்கிறோம் என்று எண்ணிப் பார்ப்போமாக. முழங்காலிடும்போது ஒரு முட்டியிலிருந்து மறு முட்டிக்குப் பாரம் மாறிக்கொண்டே இருக்கிறது. உறக்கத்திலும் இரவில் பலமுறை புரண்டு படுக்கிறோம். காலையில் அது நினைவிலும் இருப்பதில்லை. வலி என்று பெயரிடத் தகாத ஒரு சிறு நச்சரிப்பு நம்மை ஓயாமல் நகர்த்திக் காக்கிறது. உணர்விழந்தவருக்கு அந்நச்சரிப்பு இல்லை. உணர்விருந்தும் புரள வலிமையற்ற முதியவருக்கு, அது இருந்தும் பயனில்லை.

பிராண்ட் வலிக்கு மாற்றாக ஒரு கருவி செய்யவும் முயன்றார். கையுறையில் அழுத்தம் அறியும் பொறிகளை வைத்து, மிகுந்தால் ஒலி எழும்படி அமைத்தார். நோயாளிகள் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் மின்னதிர்ச்சி தரும்படி மாற்றினார். செய்ய விரும்பிய வேலைக்கு அதிர்ச்சி தடையாக வந்தபோது அவர்கள் விசையை நிறுத்திவிட்டு வேலையைச் செய்தனர்! ஆண்டுகள் பல செலவிட்டபின் அம்முயற்சியைக் கைவிட்டார். வலியை இறைவனின் கொடை என்று அவர் எழுதியது இப்பட்டறிவிலிருந்து வந்தது.

கருவி தோற்ற இடத்தில் மனிதர் வேண்டும். உணர்வில்லாத உடலுக்கு மற்றொருவரின் கண்ணும் கையும் உணர்வாக வேண்டும். செவிலியர் கலை இதனையே முறைப்படுத்தியது. இங்கிலாந்தின் டோரீன் நார்ட்டனும் அவர் தோழரும் 1962-இல் வெளியிட்ட ஆய்வு, உடல்நிலை, மனத்தெளிவு, நடமாட்டம், அசையும் திறன், சிறுநீர் மலம் அடங்காமை ஆகிய ஐந்தையும் மதிப்பிட்டு யாருக்குப் புண் வரும் என்று முன்கூட்டியே அறிய வழிசெய்தது. அமெரிக்காவின் பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ரோமும் 1987-இல் தந்த அளவுகோலில் முதலிடம் பெற்றது, அழுத்தத்தின் துன்பத்தை உணர்ந்து அதை வெளிப்படுத்தும் ஆற்றல். நவஜீவ நிலையத்தின் நாள்தோறுமான கைப் பரிசோதனையைக் கண்டவர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

நம் இல்லங்களில் நடப்பதென்ன? இடுப்பெலும்பு முறிந்த பாட்டி, பக்கவாதம் கண்ட தகப்பனார், புற்றுநோயின் இறுதிக் கட்டத்தில் உள்ள சகோதரி என ஒவ்வொரு பங்கிலும் படுக்கையிலிருப்போர் பலர் உள்ளனர். உறவினர் வருகின்றனர், பழம் வைக்கின்றனர், தலைமாட்டில் நின்று முகத்தைப் பார்த்துச் செபிக்கின்றனர். முதுகைப் பார்ப்பவர் சிலரே. முதுகெலும்பின் அடி, இடுப்பின் பக்கமேடு, குதிகால், கணுக்கால், தோள்பட்டை, முழங்கை, பின்மண்டை, காதின் விளிம்பு ஆகிய எலும்பு துருத்தும் இடங்களைக் காலையும் மாலையும் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துப் பின் சிவக்குமாயின் குருதி ஓடுகிறது. வெளுக்காமலே இருந்தால் ஆபத்து தொடங்கிவிட்டது. ஆனால் இப்பாடத்தை முதலில் எழுதியவர்கள் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதினர். நம்முடைய கருந்தோலில் சிவப்பு தெரியாது. புறங்கையால் தொட்டு, அவ்விடம் அக்கம்பக்கத்தைவிடச் சுடுகிறதா, குளிர்ந்திருக்கிறதா, கல்போல் இறுகியிருக்கிறதா, சேறுபோல் தளர்ந்திருக்கிறதா என்று அறியவேண்டும். இங்கே கண்ணைவிடக் கை உண்மை சொல்லும்.

இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது மருத்துவமனைகளில் நிலைத்த வழக்கம். நேர் பக்கவாட்டில் நிறுத்தினால் இடுப்பெலும்பின் மேடு குத்தும். ஆகவே முதுகுக்குப் பின்னே தலையணை செருகி, சுமார் 30 பாகை சாய்த்துப் படுக்கவைப்பது நல்லது. கெண்டைக்காலின்கீழ் மடித்த பழைய வேட்டியை வைத்தால் குதிகால் படுக்கையில் படாமல் நிற்கும். முழங்கால்களுக்கிடையில் ஒரு சிறு தலையணை வேண்டும். நோயாளியை இழுக்கக்கூடாது, இருவர் சேர்ந்து விரிப்போடு தூக்கி நகர்த்தவேண்டும். விரிப்பின் சுருக்கம், சிந்திய பருக்கை, சட்டைப் பொத்தான், சிறுநீர்க் குழாய் எல்லாம் பகைவரே. நினைவற்றவரின் கையில் அன்போடு சுற்றிவைத்த செபமாலை முதுகின் கீழே நழுவிக் கிடந்தால், அதன் மணிகளும் தோலில் வரிசையாகப் பதியும். செபமாலையைத் தலைமாட்டில் தொங்கவிடலாம். அன்னை மரியா வருந்தமாட்டார்.

சிவந்த இடத்தை எண்ணெயிட்டு அழுத்தித் தேய்ப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். அது நலிந்த சதையை மேலும் கிழிக்கும், விட்டுவிட வேண்டும். நடுவில் துளையுள்ள வளையத் திண்டும் அப்படியே. துளைக்குள் அமையும் இடத்தின் குருதியோட்டத்தை அதன் விளிம்பு நெரிக்கிறது. சிறுநீரில் ஊறிய தோல் ஈரக் காகிதம்போல் எளிதில் கிழியும். உடனே கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, சிறிது வாசலினோ தேங்காயெண்ணெயோ மெல்லப் பூசலாம். காற்றுப் படுக்கையும் தண்ணீர்ப் படுக்கையும் பெருந்துணை. ஆயினும் அவற்றை வாங்கிப் போட்டபின் திருப்புவதை நிறுத்தியவர்களைக் கண்டிருக்கிறோம். உணவைப் பற்றியும் சொல்லவேண்டும். நோயாளி என்றாலே கஞ்சி என்றொரு நினைப்பு நம்மிடம் உண்டு. வெறும் கஞ்சியில் தோல் கட்டுவதற்குரிய புரதம் போதாது. மருத்துவர் தடுக்காவிடில் முட்டையும் மீனும் பருப்பும் பாலும் சிறுசிறு அளவில் தரப்படவேண்டும்.

இவ்வளவும் செய்தும் புண் வருவதுண்டு. உயிர் பிரியும் நாள்களில் குருதியோட்டம் தோலைக் கைவிட்டு இதயத்தையும் மூளையையும் காக்க முனைகையில், தேர்ந்த செவிலியர் கையிலும் தோல் வெடிக்கும். நைட்டிங்கேலின் சொல் அங்கே பொருந்தாது. இரவெல்லாம் விழித்துப் பேணிய மகள், தாயை அடக்கம் செய்தபின் தன்மேல் பழி சுமக்க வேண்டியதில்லை.

மறுபுறம், தடுத்திருக்கக்கூடிய புண்ணைக் காட்டி, ஆண்டவர் தந்த சிலுவை என்று சொல்லும் வழக்கமும் நம்மிடையே இருக்கிறது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1984-இல் துன்பத்தின் மீட்புப் பொருளைப் பற்றி எழுதிய திருமடலை, துன்பத்தை வாளாவிருந்து ஏற்கக் கற்பிக்கும் நூல் என எண்ணுவோர் உண்டு. அம்மடல் தன் நிறைவுப் பகுதியில் நம்மை நல்ல சமாரியனிடம் கொண்டுசென்று நிறுத்துகிறது. அவன் வழியில் கிடந்தவனுக்குத் துன்பத்தின் பொருளை விளக்கவில்லை. எண்ணெயும் இரசமும் வார்த்துக் கட்டினான், தூக்கிச் சென்றான், மறுநாள் செலவுக்கும் பணம் கொடுத்தான். நோயாளிகளின் பாதுகாவலரான புனித கமில்லஸ் தெ லெல்லிஸ் தம் காலில் ஆறாத புண்ணோடு வாழ்நாளெல்லாம் நடந்தவர். தம் புண்ணைப் பொறுமையாகச் சுமந்த அவர், உரோமை மருத்துவமனைகளில் பிறருடைய புண்ணை ஒருநாளும் பொறுத்துக்கொண்டாரில்லை.

கொல்லிமலையில் தங்கிவிட்டவரைப் பற்றியும் சொல்லிவிடுவோம். ஈவ்லின் அம்மையார் மறைப்பணி அமைப்பிலிருந்து ஓய்வு பெற்றபின், எழுபதை நெருங்கிய வயதில் மீண்டும் மலையேறினார். நிற்க வலுவிழந்த காலத்தில் இரு மூங்கில் கழிகளை ஊன்றியும் மட்டக்குதிரையில் அமர்ந்தும் ஊர் ஊராகச் சென்றார். 1974 திசம்பரில் தம் 95-ஆம் வயதில் இறந்து, கணவரின் கல்லறையருகே மலைமேல் அடக்கம் பெற்றார். மகன் பால் பிராண்ட் 2003 ஜூலை 8 அன்று அமெரிக்காவில் காலமானார். அதற்குள் கார்வில் ஆய்வுகள் தொழுநோயைக் கடந்து நீரிழிவு நோயாளிகளின் பாதங்களுக்கும் பயன்பட்டுவிட்டன. தமிழகத்தில் இன்று நீரிழிவு இல்லாத தெருவில்லை. மரத்துப்போன கால்களுடன் வெயில் சுட்ட திருத்தலப் பிரகாரங்களில் வெறுங்காலுடன் நடக்கும் அன்பர்களை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். நேர்த்திக்கடனை மெத்தென்ற செருப்பணிந்தும் செலுத்தலாம் என்று பங்குத்தந்தையர் சொல்லிவைத்தல் நலம்.

வீட்டில் பேணுபவர் பெரும்பாலும் ஒருவரே. மனைவி, மகள் அல்லது மருமகள். இரண்டு மணிக்கு ஒருமுறை என்பது இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று அவரையும் நோயாளியாக்கிவிடும். அன்பியக் கூட்டங்களில் நாம் படிக்கும் விவிலியப் பகுதிகளோடு, நம் தெருவில் யார் வீட்டில் எந்த மணிக்குத் திருப்பிவிட ஆள் வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்ளலாம். முதல் வெள்ளியன்று நற்கருணை கொண்டுவரும்போது நோயாளியின் தலைப்பக்கத்தை உயர்த்திச் சாய்வாக அமர்த்துகிறோம். அந்நிலையில் உடல் மெல்லக் கீழே சறுக்குகிறது. தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, எலும்பு உள்ளே நழுவி நுண்குழாய்களை முறுக்குகிறது. நன்றி மன்றாட்டு முடிந்து, நற்கருணை விழுங்கப்பட்டுச் சிறிது நேரம் ஆனபின், வந்தவர்களில் இருவர் நின்று தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, அவரை விரிப்போடு தூக்கி மேலே நகர்த்தி, குதிகாலைப் பார்த்துவிட்டுப் புறப்படலாம்.